மிதிவண்டியில் இரு கால்களின் உழைப்பை அளத்தல்

இரு காளைகள் பூட்டிய பாரவண்டி மண்சாலையில் ஊர்ந்து செல்வதைப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வளர்ந்தோர் பலரும் கண்டிருப்பர். வண்டி நகர்கின்றது என்பது கண்ணுக்குத் தெரிந்த செய்தி. அதனை நகர்த்தியதில் வலப்புறக் காளையின் பங்கு எவ்வளவு, இடப்புறக் காளையின் பங்கு எவ்வளவு என்பதோ எளிதிற் புலப்படாத செய்தி. ஆயினும் வண்டியோட்டும் உழவன் அதனை ஒருவாறு அறிந்து கொள்கின்றான். ஒரு காளை சோம்பினால் நுகத்தடி அப்புறமாகப் பின்வாங்கிச் சாயும். அச்சாய்வே அவனுக்கு அளவுகோல்.

மிதிவண்டியும் ஒருவகையில் இரட்டை மாட்டு வண்டியே. வலக்கால் ஒன்று, இடக்கால் ஒன்று என இரண்டு உழைப்பாளிகள் ஒரே சுமையை ஈர்க்கின்றனர். ஆனால் சாய்ந்து காட்டிக் கொடுக்கும் நுகத்தடி இங்கே இல்லை. வல, இடக் கிராங்குகள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப் பெற்றவை. ஒரு கால் சோம்பியிருப்பினும் மற்றைக் கால் அதனையும் சேர்த்துச் சுழற்றிவிடும். ஏறி ஓட்டுபவருக்கே அது தெரிவதில்லை.

இதனால் என்ன கேடு என வினவலாம். கால் எலும்பு முறிந்து, கட்டுப்போட்டுப் பல வாரம் கிடந்து எழுந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். முறிந்த காலின் தசை மெலிந்திருக்கும். பயிற்சிக்கென மிதிவண்டி ஓட்டச் சொல்கின்றார் மருத்துவர். சக்கரம் நன்றாகச் சுழல்கின்றது, நோயாளியும் மகிழ்கின்றார். ஆனால் உழைத்தது முழுவதும் நல்ல காலாக இருப்பின், தேற வேண்டிய கால் தேறவில்லை என்பதன்றோ உண்மை? ஆகவே ஒவ்வொரு காலின் உழைப்பையும் தனித்தனியே அளக்கும் வழி யாது என்பது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. அவ்வழியைப் பௌதிக சாஸ்திரத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகம் உழைப்பின் அளவாகாது

முதலில் எதனை அளக்க வேண்டும் என்பதைத் தெளிவு செய்து கொள்வோம். ஆடி மாதத்தில் அரியலூரிலிருந்து பெரம்பலூரை நோக்கி மிதிவண்டியில் செல்பவர் மேல்காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டும். மூச்சு வாங்க மிதித்தும் வண்டி மெல்லவே செல்லும். மாலையில் அவரே திரும்பி வருங்கால் காற்றுப் பின்னின்று தள்ளும். பாதி உழைப்பில் இருமடங்கு வேகம் கிடைத்தாலும் வியப்பில்லை. ஆதலின் வேகத்தைக் கொண்டு உழைப்பை மதிப்பிடுதல் பொருந்தாது. காற்று, மேடு, பள்ளம், சுமை ஆகிய எவை மாறினும் மாறாத பொருளுடைய அளவு ஒன்று வேண்டும். அதுவே திறன் எனப்படும்.

ஒரு நியூட்டன் விசை ஒரு பொருளைத் தன் திசையில் ஒரு மீட்டர் தூரம் நகர்த்துமாயின் செய்யப்பட்ட வேலை ஒரு ஜூல். அவ்வேலை ஒரு நொடியில் நிகழுமாயின் திறன் ஒரு வாட்டு. நீராவி யந்திரத்தைச் செம்மை செய்த ஜேம்ஸ் வாட்டு தம் யந்திரங்களைக் குதிரைகளோடு ஒப்பிட்டு வழங்கிய குதிரைத்திறன் என்னும் அளவு ஏறக்குறைய 746 வாட்டுக்குச் சமம். மிதிவண்டியில் சாதாரணமாகச் செல்வோர் ஒரு குதிரைத்திறனின் சிறு பகுதியையே செலவிடுகின்றனர்.

சுழலும் பொருளுக்கு இக்கணக்கு சற்றே உருமாறும். கிராங்கின் நீளத்திற்குச் செங்குத்தாக விழும் விசையை அந்நீளத்தால் பெருக்கக் கிடைப்பது திருப்பு விசை. அதனைச் சுழலும் கோண வேகத்தால் பெருக்கக் கிடைப்பது திறன். கிராங்கு நிமிடத்திற்கு 60 முறை சுற்றினால் நொடிக்கு ஒரு சுற்று. அதாவது கோண வேகம் 6.28 ரேடியன். சராசரித் திருப்பு விசை 20 நியூட்டன்-மீட்டர் என்றால் திறன் ஏறக்குறைய 126 வாட்டு. செங்குத்தாக விழும் விசை என்று கூறியதை ஊன்றி நோக்குக. கிராங்கு நேரே கீழ்நோக்கி நிற்கும்போது எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் அது கிராங்கை நீட்ட முயலுமேயன்றிச் சுழற்றாது. தசைக்குக் களைப்பு உண்டு. வண்டிக்குப் பயன் இல்லை.

சுழலும் வேகத்தை அறிவது எளிது. முற்காலக் கருவிகளில் கிராங்கின் மேல் ஒரு சிறு காந்தம் சுற்றுக்கு ஒருமுறை சட்டத்திலுள்ள விசையைத் தாண்டிச் சென்று கணக்குக் காட்டியது. இக்காலத்தில் அசைவை உணரும் சிறு மின்னணுச் சில்லு கிராங்கிலோ பெடலிலோ அடக்கப்பட்டுள்ளது. அரிய காரியம் திருப்பு விசையை அளப்பதே. 1889-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கராகிய ஆர். பி. ஸ்காட்டு என்பார், பெடலின் மேல் விழும் விசையைத் தாளிற் கோடாக வரையும் சைக்கிளோகிராப்பு என்னும் கருவியைத் தம் நூலில் விளக்கியுள்ளார். ஆனால் சுருள்வில்லும் எழுதுகோலும் கொண்ட கருவியை நாடோறும் பூட்டி ஓட்டுவது இயலாது. வேறு வழி வேண்டியிருந்தது.

எடைமேடை கற்பிக்கும் பாடம்

அவ்வழியை அரியலூர்ச் சாலையிலேயே காணலாம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வே பிரிட்ஜ் என்னும் எடைமேடையின் மீது ஏறி நிற்கின்றன. உள்ளறையில் எண்கள் ஒளிர்கின்றன; பல டன் எடை நொடியில் தெரிகின்றது. தட்டும் எடைக்கல்லும் இல்லாமல் எடை தெரிந்தது எவ்வாறு? மேடையைத் தாங்கி நிற்பவை லோடு செல் எனப்படும் எஃகுத் துண்டுகள். லாரியின் பாரத்தால் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிகின்றன. அந்நெளிவை மின்சாரம் அளந்து சொல்லுகின்றது.

எஃகு நெளியுமா என ஐயுற வேண்டா. மீள்சக்தியின் எல்லைக்குள் எப்பொருளும் தன்மேல் விழும் விசைக்குத் தக்க விகிதத்தில் நெளியும் என்பது ஹூக்கின் விதி. கம்பியொன்றை இழுத்து நீட்டினால் அதன் மின்தடை மாறும் என்பதை வில்லியம் தாம்ஸன் 1856-இல் கண்டறிந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. அவ்வுண்மையைக் கருவியாக்கியவர்கள் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்னும் இருவர். 1938-ஆம் ஆண்டில், ஒருவரையொருவர் அறியாமல், மெல்லிய கம்பியைப் பொருளின் மேல் ஒட்டி அதன் நெளிவை அளக்கும் வழியை அவர்கள் கண்டனர். ஸ்டிரெயின் கேஜ் எனப்படும் இதனைத் திரிபுமானி என்று தமிழில் வழங்கலாம். இன்று அது விரல்நகத்தினும் சிறிய உலோகத் தகடாகி, மெல்லிய படலத்தின் மேல் மடிப்பு மடிப்பாகப் பதிக்கப் பெறுகின்றது.

இத்திரிபுமானியை மிதிவண்டியின் கிராங்கில் ஒட்டினால் எடைமேடையின் வேலையை அது செய்யும். மாறும் அளவு மிகச் சிறிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். திரிபுமானியின் மின்தடை 350 ஓம் என்றும், கிராங்கின் நெளிவு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு என்றும் கொள்வோம். உலோகத் திரிபுமானிகளில் மின்தடை நெளிவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விகிதத்தில் மாறும். எனவே மாற்றம் 350 × 2 × 0.0005, அதாவது 0.35 ஓம். ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தை எவ்வாறு பிடிப்பது?

நம் சோதனைச் சாலையில் மாணவர் யாவரும் கையாளும் வீட்ஸ்டன் சமனச்சுற்று இதற்கு உதவுகின்றது. 1833-இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி வகுத்து, 1843-இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரவச் செய்த அச்சுற்றின் நான்கு புயங்களிலும் நான்கு திரிபுமானிகளை வைப்பர். கிராங்கு வளையும்போது ஒரு பக்கம் நீளும், மறு பக்கம் சுருங்கும். நீளும் பக்கத்தில் இரண்டும் சுருங்கும் பக்கத்தில் இரண்டும் இருப்பின் மாற்றம் பெருகித் தோன்றும். மற்றொரு நன்மையும் உண்டு. சித்திரை வெயிலில் உலோகம் சூடேறினால் நான்கும் ஒரே அளவு மாறும். சமனச்சுற்று அம்மாற்றத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடும். எஞ்சும் சிறு பிழைக்காகவே, புறப்படுமுன் சுமையில்லா நிலையில் கருவியைச் சுழிக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்பர். எடைமேடையில் லாரி ஏறுமுன் எண் சுழியாக இருக்கின்றதா எனப் பார்ப்பதும் இதுவே.

அளவு எடுக்கும் இடம்

இங்ஙனம் அமைந்த கருவியே பவர் மீட்டர் எனப்படும் திறன்மானி. ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986-இல் எஸ்.ஆர்.எம். என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, மிதிவண்டிக்கு உரிய திறன்மானிகளைச் செய்தளித்தார். அதன்பின் பலரும் பலவிதமாகச் செய்யலாயினர். அவையாவும் ஒரே தத்துவத்தின்மேல் இயங்குவன. வேறுபாடு திரிபுமானியை எங்கே ஒட்டினர் என்பதிலேயே உள்ளது. அவ்விடமே நம் கேள்விக்கு விடை தரவல்லதும், விடையை மறைக்கவல்லதும் ஆகும். நம் பாரவண்டியை நினைவிற் கொண்டு அவ்விடங்களை நோக்குவோம்.

முதலாவது, பின் சக்கரத்தின் ஹப். இங்கே வந்து சேர்வது இரு கால்களின் கூட்டு உழைப்பு. அதுவும் செயினில் சிறிது தேய்ந்த பின்னர். காளைகளை விட்டு வண்டியின் ஓட்டத்தை அளப்பது போன்றது இது. மொத்தம் சரியாகத் தெரியும், பங்கு தெரியாது.

இரண்டாவது, கிராங்கையும் செயின் வீலையும் இணைக்கும் ஐங்கரம் போன்ற நடுப்பகுதி. ஷோபரர் திரிபுமானிகளை ஒட்டியது இவ்விடத்திலேயே. வண்டியின் ஏர்க்காலில் வில்தராசு கட்டியது போன்றது இது. இங்கும் தெரிவது இரு கால்களின் கூட்டே. ஆயினும் சில கருவிகள் வல, இடப் பங்கையும் காட்டுகின்றன. எவ்வாறெனில், ஒரு சுற்றை இரண்டு அரைச்சுற்றாகப் பிரித்து, வலக்கால் கீழிறங்கும் பாதியில் கிடைத்ததெல்லாம் வலக்காலுக்கும், இடக்கால் இறங்கும் பாதியில் கிடைத்ததெல்லாம் இடக்காலுக்கும் என்று எழுதிவிடுகின்றன.

மூன்றாவது, இடக் கிராங்கு மட்டும். செயின் வீல் இல்லாத பக்கமாதலின் அங்கே திரிபுமானியை ஒட்டுவது எளிது, விலையும் குறைவு. இடக்காலின் உழைப்பை அளந்து அதனை இரண்டால் பெருக்கி மொத்தமெனக் காட்டுவர். இடப்புறக் காளையின் கயிற்றில் மட்டும் தராசு கட்டி, மற்றதும் இவ்வளவே இழுத்திருக்கும் என முடிவு கட்டுவதை இது ஒக்கும். லாரியின் இடப்புறச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடையை இரட்டித்தால் எந்த வணிகர் ஒப்புக்கொள்வார்?

நான்காவது, இரு கிராங்குகளிலும், அன்றி இரு பெடல்களின் அச்சிலும், தனித்தனியே திரிபுமானிகளை அமைப்பது. ஒவ்வொரு காலின் அளவும் கம்பியில்லாச் செய்தியாகக் கைப்பிடியிலுள்ள கருவிக்குச் செல்லும். ஒவ்வொரு காளைக்கும் ஒவ்வொரு தராசு வைத்தது இதுவே. இருவரின் பங்கையும் உள்ளபடி அறிவிப்பது இம்முறை ஒன்றே.

ஒரு கணக்கு

மேற்கூறிய முறைகள் தம்முள் எவ்வளவு மாறுபடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். அதற்குமுன் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பெடல் மேலெழும்போது அதன்மேல் இருக்கும் கால் தன்னைத் தானே முழுதும் தூக்கிக் கொள்வதில்லை. பெரும்பாலும் தன் எடையில் ஒரு பகுதியைப் பெடலின்மேல் சாய்த்தே வருகின்றது. அச்சமயம் அக்கால் உதவியன்று, சுமை. கீழிறங்கும் மற்றைக் கால் வண்டியையும் ஓட்டி, ஏறிவரும் தோழனையும் தூக்குகின்றது.

இருகால்களும் இறங்கும் அரைச்சுற்றில் சராசரியாக 20 நியூட்டன்-மீட்டர் தருவதாகக் கொள்வோம். வலக்கால் ஏறும் பாதியில் 2 மட்டுமே தடை செய்கின்றது; மெலிந்த இடக்காலோ 5 தடை செய்கின்றது. ஆகவே முழுச் சுற்றில் வலக்காலின் நிகரம் 20-இல் 2 போக 18; இடக்காலின் நிகரம் 20-இல் 5 போக 15. இரண்டு பாதிகளின் கூட்டு 33. சுற்றின் சராசரி 16.5 நியூட்டன்-மீட்டர். நிமிடத்திற்கு 60 சுற்றானால் மொத்தத் திறன் ஏறக்குறைய 104 வாட்டு. அதில் வலக்கால் 57, இடக்கால் 47. இதுவே உண்மை, இரு பெடல்களிலும் அளக்கும் கருவி இதனையே காட்டும்.

இடக் கிராங்கில் மட்டும் அளந்து இரட்டிக்கும் கருவி 94 வாட்டு எனக் காட்டும். வலப்புறம் மட்டும் அளப்பதாயின் 113 எனக் காட்டும். ஓட்டியவரும் ஒருவரே, ஓட்டமும் ஒன்றே, கணக்கு இரண்டு.

நடுப்பகுதியில் அளக்கும் கருவியைப் பார்ப்போம். வலக்கால் இறங்கும் பாதியில் அதற்குத் தெரிவது 20-இல் இடக்காலின் தடை 5 போக 15. இடக்கால் இறங்கும் பாதியில் தெரிவது 20-இல் வலக்காலின் தடை 2 போக 18. மொத்தம் 33 என்பது சரியே. 104 வாட்டும் சரியே. ஆனால் பங்கு பிரிக்கும்போது வலக்காலுக்கு 15-உம் இடக்காலுக்கு 18-உம் எழுதப்படும். உண்மை தலைகீழாயிற்று! சுமையாக வந்த இடக்கால் உழைப்பாளி எனப் பெயர் பெற்றது. அதனைத் தூக்கிச் சுமந்த வலக்கால் சோம்பேறி எனப் பழி ஏற்றது. இக்கணக்கை நம்பி ஒருவர் வலக்காலுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினால் விளைவு யாதாகும்?

அரைச்சுற்றுக் கணக்குப் பிழைபடுவானேன், முழுச்சுற்றுக் கணக்குப் பிழைபடாதது ஏன்? காலின் எடை இறங்கும்போது பெடலை அழுத்தி உதவுகின்றது. ஏறும்போது அதே அளவு தடுக்கின்றது. ஒரு முழுச் சுற்றில் எடையால் வந்த வரவும் செலவும் ஒன்றையொன்று அடித்துச் செல்ல, தசையின் உழைப்பே எஞ்சி நிற்கும். ஆதலின் ஒரு காலை அதன் முழுச் சுற்றிலும் தொடர்ந்து அளந்தாலன்றி அதன் பங்கைக் கூற இயலாது.

இனி, எலும்பு முறிந்து தேறும் நோயாளிக்குத் திரும்புவோம். முன்னே இருகால்களும் 50, 50 வாட்டு தந்தன. இப்போது இடக்கால் 40 தர, வலக்கால் அதன் குறையையும் ஏற்று 60 தருகின்றது. மொத்தம் மாறாமல் 100. ஹப்பில் அளப்பது 100 எனக் கூறி, குறையொன்றும் இல்லை என்று எண்ணச் செய்யும். இடப்புறம் மட்டும் அளப்பது 80 எனக் கூறி, உடல் முழுதும் தளர்ந்ததென அஞ்சச் செய்யும். இரண்டும் மருத்துவருக்கு வேண்டிய விடையல்ல. 40, 60 என்பதே அவருக்கு வேண்டும்; அடுத்த வாரம் அது 43, 57 ஆயிற்றா என்பதே அவர் காண விரும்புவது.

எண்ணை நம்புமுன் செய்யத்தக்கன

இருபுறமும் அளக்கும் கருவியே எனினும் அதன் சொல்லை ஆராயாது ஏற்றல் தகாது. கருவி சரியாகச் சொல்கின்றதா என்பதைக் கல்லூரி மாணவரும் சோதிக்கலாம். கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்தி, பின் சக்கரத்தை அசையாமற் பிடித்து, 20 கிலோகிராம் எடையைப் பெடலின் அச்சில் தொங்கவிடுக. கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டராயின் திருப்பு விசை 20 × 9.8 × 0.17, அதாவது 33.3 நியூட்டன்-மீட்டர். திருப்பு விசையை நேரே காட்டும் வசதியுள்ள கருவி இவ்வெண்ணைக் காட்டுதல் வேண்டும். வலப்புறமும் இடப்புறமும் இவ்வாறு செய்து, இரண்டும் ஒத்திருந்தாலன்றி, கால்கள் ஒவ்வாதன என்று கூற நமக்கு உரிமையில்லை. தராசின் கோணலைக் காலின் குற்றமாகக் கொள்ளலாகாது.

மற்றொன்றும் கூறவேண்டும். வலம் 51, இடம் 49 எனக் கண்டு கலங்குதல் வேண்டா. வலக்கையும் இடக்கையும் ஒத்த வலிமை உடையார் அரியர்; கால்களும் அத்தகையனவே. நலமுள்ளோரிடத்தும் சிறு வேறுபாடு இயல்பாக உண்டு. மிதிக்கும் கடுமைக்கும் களைப்புக்கும் ஏற்ப அது ஒருவரிடத்தே மாறவும் கூடும். நோக்கத்தக்கது ஒருநாள் எண்ணன்று. பல நாள் எண்களின் போக்கு.

நம் மாவட்டங்களின் சாலைகளில் காலையும் மாலையும் மிதிவண்டிகளில் செல்லும் பள்ளி மாணவ மாணவியர் பலர். 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தமிழ்நாட்டரசு தொடங்கிப் பின்னர்ப் பிறருக்கும் விரித்த இலவச மிதிவண்டித் திட்டத்தால் வண்டி பெற்றோர் அவருள் உண்டு. அவ்வண்டிகளில் திறன்மானி இல்லை. இருபுறமும் அளக்கும் கருவியொன்றின் விலை அத்தகைய வண்டிகள் பலவற்றின் விலைக்கு நேராகும். ஆயினும் அதன் தத்துவத்தை அறியப் பொருட்செலவு வேண்டியதில்லை. உடல் எடை பார்க்கும் பொறிகள் இரண்டை அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் மேல் ஒவ்வொரு காலை ஊன்றி நிற்க. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் உங்கள் எடையே. ஆனால் சிறிது சாய்ந்தாலும் பங்கு மாறும். நேராக நிற்பதாக நீங்கள் எண்ணும்போதும் இரண்டும் ஒத்திருப்பது அரிது. ஒரு பொறியை எடுத்துவிட்டு, அதே உயரமுள்ள பலகையை அவ்விடத்தில் வைத்து, எஞ்சியதன் எண்ணை இரட்டித்துப் பாருங்கள். விடை உங்கள் எடையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது என்பதை அந்த ஒரு பொறியைக் கொண்டு அறிய வழியில்லை.

மாணவ நண்பர்களே! கருவி காட்டும் எண் எவ்வளவு நுட்பமாக இருப்பினும், அது எவ்விடத்தில் அளக்கப்பட்டது, எதனை அளந்தது, எதனை ஊகித்தது என்னும் மூன்றையும் கேட்ட பின்னரே அதனை ஏற்றுக் கொள்க. பலர் கூடிச் செய்யும் வேலையில் மொத்தத்தை மட்டும் பார்த்துப் பங்கை ஊகிப்பவர், உழைத்தவனைச் சோம்பேறி என்றும் சோம்பியவனை உழைப்பாளி என்றும் எழுதிவிடக் கூடும். ஆய்வுக்கூடத்தில் எண்களைக் குறிப்பேட்டில் பதியும்போது அளந்ததை ஒரு பத்தியிலும் ஊகித்ததை மற்றொரு பத்தியிலும் எழுதும் பழக்கத்தை இன்றே மேற்கொள்வீர்களாக.